எப்போது கேட்கிறது?

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலத்தை நோக்கி மேற்கே செல்லும் நெடுஞ்சாலை, எலவனாசூர்க்கோட்டையைத் தாண்டி, கள்ளக்குறிச்சியை எட்டுவதற்கு முன்பாகத் தியாகதுருகத்தின் கோட்டை மலையைப் பார்த்தவாறே கடைத்தெருவின் நெரிசலுக்குள் புகுந்து வெளியேறிக்கொண்டிருந்த காலத்தில், அதாவது 1980-களின் நடுப்பகுதியில், எங்கள் ஊரில் மோட்டார்ப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர்களும், ஆத்தூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு கொண்டுபோகும் லாரிகளும், திருக்கோவிலூர்ச் சாலைக்குத் திரும்பும் பஸ்களும் சந்திக்கும் இடமாகையால், தினந்தோறும் ஏதேனும் ஒரு வண்டி பழுதாகி நிற்கும். அதைச் சுற்றி நாலைந்து பேர் கூடி அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பட்டறைகளில் ஒன்றை நடத்திவந்த மேஸ்திரி ஒருவர், ஒரு காரின் பின்பக்கத்திலிருந்து எழுந்த சப்தத்தைப் பின்தொடர்ந்து சென்று அதன் மூலத்தைக் கண்டுபிடித்த விதத்தை நான் கூடவே இருந்து பார்த்தேன். அதன் பிறகு எத்தனையோ வண்டிகளை ஓட்டியிருக்கிறேன். எத்தனையோ பெரிய பட்டறைகளின் வாசலில் காத்திருந்திருக்கிறேன். அவரைப்போல ஒரு சப்தத்தை மதித்துக் கேட்டவரை நான் சந்திக்கவில்லை. ஆகவே அவர் செய்ததை ஒன்றுவிடாமல் எழுதிவைக்க வேண்டுமென்று வெகுநாளாக எனக்கு ஓர் ஆசை.

என் தந்தையார் மலைச்சரக்கு வியாபாரி. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கடுக்காய், புளி, தேன் முதலியவற்றை வாங்கி விற்பது அவர் தொழில். அந்த மலைப்பிரதேசம் பரம்பரை ஜாகீர்தார்கள் மூவரின் கையிலிருந்து 1976-ல்தான் முழுமையாக அரசாங்கத்தின் வசம் வந்தது என்றால் இன்றைய இளைஞர்கள் ஆச்சரியப்படுவார்கள். நான் சொல்லும் காலத்தில் அந்த மாற்றம் நிகழ்ந்து பத்தாண்டுகூட ஆகியிருக்கவில்லை. கச்சிராயபாளையம் வரையில் சாலை சுமாராக இருக்கும். கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலையை நோக்கி ஏறத் தொடங்கிவிட்டாலோ, மழைத்தண்ணீர் அரித்துப் பெயர்த்துப்போட்ட ஜல்லியின்மேல்தான் பிரயாணம். தந்தையாரிடம் இருந்தது ஒரு மார்க் 4 அம்பாஸடர். போகும்போது அது கார்; திரும்பும்போது பின்ஸீட்டிலும் டிக்கியிலும் மூட்டைகளை அடைத்துக்கொண்டு வருவதால் பாதி லாரி. படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த வண்டியை ஓட்டும் பொறுப்பு வாய்த்தது.

வண்டியின் பின்பாகத்து அமைப்பைச் சற்றே விளக்காமல் மேலே சென்றால், சப்தத்தின் வரலாறு விளங்காது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, 1957 முதல் மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் செய்யப்பட்டு வந்த அம்பாஸடரில், பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்ஸிலின் இரு முனைகளில் அமைந்திருக்கும். அந்த ஆக்ஸில் பக்கத்துக்கு ஒன்றாக உள்ள, பட்டைக்கட்டு எனப்படும் ஸ்பிரிங்கோடு யு போல்ட்டுகளால் இறுக்கிப் பிணைக்கப்பட்டிருக்கும். ஒன்றன்கீழ் ஒன்றாக, நீளம் குறைந்துகொண்டே போகும் எஃகுப் பட்டைகளை நடுவில் ஒரு செண்டர் போல்ட் துளைத்துச் சேர்த்திருக்கும். கட்டின் முன்முனை வண்டியின் அடிப்பாகத்தில் ஒரு பின்னில் நிலையாக மாட்டப்பட்டிருக்க, பின்முனையோ, பாரம் ஏறும்போது வளைந்த பட்டை நிமிர்ந்து நீள்வதற்கு இடங்கொடுக்க வேண்டியிருப்பதனால், ஷாக்கிள் எனப்படும் ஊசலாடும் துண்டில் தொங்கும். இந்த முனைகளில் இரும்பும் இரும்பும் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும், ஒன்றையொன்று தொடாதபடி, ரப்பர் புஷ் ஒன்று இருக்கும். இதே பட்டைக்கட்டுதான் எங்கள் பாட்டனார் காலத்து வில் வண்டியிலும் இருந்தது. குதிரை வண்டிக்கு எஃகு வில்லைப் பொருத்தும் முறைக்கு ஒபதையா எலியட் என்ற ஆங்கிலேயர் 1804-ல் காப்புரிமை பெற்றார் என்பது சரித்திரம்.

மோட்டாரில் அந்த வில் செய்யவேண்டிய வேலை மாட்டுவண்டியில் செய்த வேலையைக் காட்டிலும் மிக அதிகம். பீரங்கி செய்துகொண்டிருந்து பிறகு கார் செய்யத் தொடங்கிய பிரான்ஸ் தேசத்துக் கம்பெனி ஒன்றின் பெயரால் ஹாட்ச்கிஸ் டிரைவ் என்று வழங்கும் இந்த அமைப்பில், பாரத்தைத் தாங்குவதோடு, சக்கரம் உருளும்போது வண்டியை முன்னால் தள்ளுவதும் அந்தப் பட்டைதான். கிளட்சை விடும்போது ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளாமல் தடுப்பதும், பிரேக்கை மிதிக்கும்போது பின்னிழுப்பைத் தாங்குவதும் அதுவே. ஆதலால் அங்கே ஒரு ரப்பர் தேய்ந்துவிட்டால், பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதும் சப்தம் எழும். புறப்படும்போதும் நிற்கும்போதும்கூட எழும். இந்த ஒரு சங்கதி மனத்தில் இருந்தால் பாதி விசாரணை முடிந்த மாதிரி. எங்களுக்கு அப்போது அது தெரியாது.

அவ்வருஷம் மழைக்காலம் முடிந்து சாலைகள் குண்டும் குழியுமாகக் கிடந்த தை மாதத்தில், வண்டியின் பின்னாலிருந்து, மரச்சுத்தியால் இரும்பை ஒரே ஒரு தட்டுத் தட்டினாற்போல, 'டொக்' என்று அடங்கிய ஓசையொன்று கேட்கலாயிற்று. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது அது இல்லை. கடைத்தெருவில் மெதுவாக ஊர்ந்து செல்லும்போது உண்டு. மலைக்கு வெறும் வண்டியாகப் போகையில் வழிநெடுகத் தட்டிக்கொண்டே வரும். மூட்டைகளோடு இறங்கி வருகையில் ஒரு சிறு முனகல்கூட இராது. தந்தையார் பெரும்பாலும் திரும்பும் பிரயாணத்தில்தான் என்னோடு வருவார் என்பதால், அவரைப் பொறுத்தவரையில் வண்டிக்கு வியாதியே இல்லை.

கேட்டவர்களெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டிபரன்ஷியலில் பல் தேய்ந்துவிட்டது என்றார் ஒருவர். கிராஸ் ஜாயிண்ட் போய்விட்டது என்றார் மற்றொருவர். பாடியே விரிசல் கண்டிருக்கும் என்று பயமுறுத்தியவரும் உண்டு. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் வண்டியின் பின்புறத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, அந்தரத்தில் தொங்கிய சக்கரங்களைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, எங்கும் ஆட்டமில்லை, ஆகவே ஷாக் அப்சார்பரைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாதென்று தீர்ப்புச் சொல்லி, இரண்டையும் புதிதாக மாற்றி அனுப்பினார்கள். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவந்த நாங்கள் ஊர் எல்லையை அடைவதற்குள் பழைய 'டொக்' மறுபடியும் கேட்டது. அவர்கள் எங்களை ஏமாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை. கேட்பதற்கு முன்பே பதிலைத் தீர்மானித்துக்கொண்டார்கள். அந்த அவசரத்துக்குத்தான் நாங்கள் விலை கொடுத்தோம். ஏழை எளியவர் வாடகைக்கு ஓட்டும் வண்டியாயிருந்தால் அந்தத் தொகை ஒரு குடும்பத்தின் மாதச் செலவை விழுங்கியிருக்கும் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் வருந்துகிறது.

இந்த நிலையில்தான் எங்கள் ஊர் மேஸ்திரியிடம் வண்டியைக் கொண்டு சென்றேன். அவருடைய தந்தை கொல்லுலை வைத்திருந்தவர்; வில் வண்டிகளுக்குப் பட்டை அடித்துப் பதம் ஏற்றிக் கொடுத்தவர். மகன் லாரிப் பட்டறைகளில் எடுபிடியாக இருந்து தொழில் கற்று, தகரக் கொட்டகை போட்டுத் தனியே அமர்ந்திருந்தார். நான் வண்டியை நிறுத்தி இறங்கியதும், வலதுபக்கம் பின்ஸீட்டுக்கு அடியிலிருந்துதான் சப்தம் வருகிறது என்று நிச்சயமான குரலில் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"தம்பி, சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு நீங்க சொல்ல வேணாம். அத நான் பாத்துக்கறேன். எப்ப வருது, எப்ப வரமாட்டேங்குது, அத மட்டும் ஒண்ணுவிடாம சொல்லுங்க."

அவர் கேட்டதன் நியாயம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் தூரம் செல்லும் ஒலி, எஃகில் 5000 மீட்டருக்குக் குறையாமல் பாய்கிறது. தகட்டைத் தகட்டோடு பற்றவைத்து ஒரே கூடாகச் செய்யப்பட்ட காரின் உடலில், ஒரு மூலையில் விழும் அடி கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கூடு முழுவதும் பரவி, எந்தத் தகடு தாராளமாக அதிர்கிறதோ அந்தத் தகட்டிலிருந்து காதுக்கு வந்து சேருகிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவன் சப்தத்தின் இடத்தைப் பற்றிச் சொல்லும் சாட்சியம் ஆகவே நம்பத்தக்கதன்று. சப்தத்தின் காலத்தைப் பற்றி அவன் சொல்லும் சாட்சியமோ முழுக்க நம்பத்தக்கது. நமது தர்க்க சாஸ்திரக்காரர்கள் அந்வயம், வியதிரேகம் என்று இரண்டு வழிகளைச் சொல்லுவார்கள்: இது இருக்கும்போது அது இருக்கிறதா, இது இல்லாதபோது அது இல்லாமற் போகிறதா என்று பார்த்துப் பார்த்தே காரணத்தை நிச்சயிக்கவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஏட்டுப் படிப்பு அதிகமில்லாத அந்த மேஸ்திரி அன்று செய்தது முழுவதும் அந்த சாஸ்திரத்தின் அப்பியாசமே என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேகத்தில் இல்லை, மெதுவில் உண்டு; பாரத்தில் இல்லை, வெறுமையில் உண்டு; இரண்டு சக்கரமும் ஒருசேர மேட்டில் ஏறினால் எப்போதாவது, ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் தவறாமல்; ரிவர்ஸில் எடுக்கும்போது ஒரே ஒரு தரம். அவர் திருப்பி அதையெல்லாம் எனக்கே ஒப்பித்துச் சரிபார்த்துக்கொண்ட பிறகுதான் வண்டியைத் தொட்டார்.

செலவில்லாத பரிசோதனை முதலில் என்பது அவர் முறை. டிக்கியைக் காலி செய்யச் சொன்னார். ஜாக்கி, ஸ்பானர்ப் பை, தண்ணீர் டின், அடித்தட்டிலிருந்த ஸ்டெப்னி வரையில் எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டினோம், சப்தம் இருந்தது. இந்தக் காரியத்தை அற்பமென்று தள்ளுபவர்கள் உண்டு. தளர்ந்த ஸ்டெப்னி ஒன்று டிக்கிக்குள் உருண்டு, சஸ்பென்ஷன் முழுவதையும் கழற்றவைத்த கதைகள் பட்டறை உலகில் ஏராளம் என்று அவர் சொன்னார். அடுத்தபடியாக, சைலன்சர் குழாயைத் துணி சுற்றிப் பிடித்து நாலாபக்கமும் ஆட்டினார். எங்காவது இடித்திருந்தால் அந்த இடத்தில் கரி உரிந்து இரும்பு பளபளக்கும் என்று காட்டினார். அப்படி ஒன்றும் இல்லை. வீல் நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்தார்.

பிறகு வந்தது எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை. கிராஸ் ஜாயிண்டும் டிபரன்ஷியலும் எஞ்சினின் விசையை வாங்கும்போதுதான் தட்டும். விசையில்லாமல் வெறுமனே உருளும் வண்டியில் அவற்றுக்குச் சப்தமிட முகாந்திரம் குறைவு. ஆகவே சரிவான ஒரு மண்சாலையின் உச்சியில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, கற்கள் துருத்திக்கொண்டிருந்த வழியில் மெல்ல உருளவிட்டார். 'டொக்' கேட்டது. ஊரார் குற்றஞ்சாட்டிய இரண்டு உறுப்புகளும் விடுதலையாயின. அதே சரிவில் ஹாண்ட் பிரேக்கை இலேசாக இழுத்துப் பிடித்தபடி இன்னொருமுறை உருளவிட்டார். பிரேக் ஷூ ஆடிச் சப்தமிடுவதாயிருந்தால் அழுத்தத்தில் அடங்கிவிட வேண்டும். அடங்கவில்லை.

இப்போது புத்தம் புதிய ஷாக் அப்சார்பர்களின் முறை. இரண்டின் கீழ்முனைகளையும் கழற்றி, மேலே தூக்கிக் கட்டிவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத சாலையில் நடைவேகத்தில் ஓட்டச் சொன்னார். அடக்குவாரில்லாத பட்டைகள் வண்டியை மேலும் கீழுமாக ஊஞ்சலாட்டின. சப்தமோ முன்னைவிட அதிகமாயிற்று. கழற்றிவைத்த பொருள் சப்தமிட முடியாது என்பதில் ஆட்சேபம் சொல்ல யாராலும் இயலாது. இந்தப் பரிசோதனையை வேகமாக ஓட்டிச் செய்யலாகாது என்பதை மட்டும் வாசகர்களுக்கு எச்சரிக்கையாகச் சொல்லிவைக்கிறேன்.

மிஞ்சியவை பட்டைக்கட்டும் அதன் பிணைப்புகளுமே. அங்கேயும் அவர் உடனே ஸ்பானரை எடுத்துவிடவில்லை. கோட்டை மலையின் அடிவாரத்தில், ஒருபுறம் பாறை செங்குத்தாக நிற்கும் ஒரு வழி இருந்தது. 1790-ல் திப்பு சுல்தானின் படை வந்து வளைத்துக்கொண்டபோது காப்டன் பிளின்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி விடாமல் காத்துநின்ற கோட்டை அந்த மலைமேல்தான் இருக்கிறது. சிறு வயதில் அதன்மேல் ஏறி விளையாடியிருந்தும், மலையின் பாறைக்கு இப்படியொரு உபயோகம் உண்டென்று நான் அறிந்ததில்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டு அந்தப் பாறையை ஒட்டி மெதுவாக ஓட்டினால், வண்டியின் ஒரு பக்கத்துச் சப்தம் பாறையில் பட்டுத் திரும்பி, கூட்டின் குழப்பமில்லாமல், காதில் வந்து விழுகிறது. வலதுபக்கம் பாறையிருக்கும்படி போனபோது ஓசை மங்கலாக இருந்தது. திரும்பி வருகையில், இடதுபக்கம் பாறை நின்றபோது, தெளிவாகக் கேட்டது. அதன்பின் அவர் வண்டியிலிருந்து இறங்கி, இடது பின்சக்கரத்துக்கு அருகே குனிந்தவாறு கூடவே நடந்துவந்து, சக்கரத்துக்கும் பின்னால், பம்பரை ஒட்டிய இடத்தைச் சுட்டிக் காட்டினார். நான் நிச்சயமாகச் சொன்ன வலதுபக்கத்துக்கு நேர் எதிர் மூலை அது.

பட்டறைக்குத் திரும்பியதும், அடியில் நின்று வேலை செய்வதற்காக வெட்டியிருந்த பள்ளத்தின்மேல் வண்டியை நிறுத்தினார். அங்கேதான் வெளியூர்ப் பட்டறைக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் வெளிப்பட்டது. ஜாக்கியில் தூக்கினால் சக்கரமும் ஆக்ஸிலும் தம் கனத்தால் கீழே தொங்கும். அந்தத் தொங்கலில் பட்டை வளைந்து ஷாக்கிளை ஒருபக்கமாக இழுத்துப் பிடித்துக்கொள்ள, தேய்ந்த ரப்பரின் தேயாத பகுதியில் பின் அழுந்தி உட்கார்ந்துவிடும். எவ்வளவு ஆட்டினாலும் அது அசையாது. சப்தமிடும் நிலையில் வண்டியை வைத்தல்லவா சப்தத்தைத் தேடவேண்டும்? நான்கு சக்கரமும் தரையில் ஊன்றியிருக்க, பட்டறைப் பையன்கள் இருவர் வண்டியின் பின்புறத்தை மேலும் கீழும் அழுத்தி ஆட்ட, மேஸ்திரி பள்ளத்துக்குள் நின்று ஒவ்வொரு பிணைப்பிலும் விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். யு போல்ட், செண்டர் போல்ட், முன்முனைப் பின், ஷாக்கிளின் கீழ்ப் பின் என்று வரிசையாகத் தொட்டு வந்தவர், ஷாக்கிளின் மேல் பின்னுக்கு வந்ததும் அசையாமல் நின்றார்.

"இறங்கி வாங்க தம்பி, இந்த எடத்துல விரல வைங்க."

வைத்தேன். பையன்கள் அழுத்திவிட்ட ஒவ்வொரு தரமும், காதுக்கு அநேகமாகக் கேட்காத ஓர் அடி விரல்நுனியில் விழுந்தது. அந்த இடத்தைச் சுற்றித் துருவும் இரும்புமாக அரைபட்ட செந்நிறப் பொடி படிந்திருந்தது. ரப்பர் ஒருபுறம் முற்றிலும் தேய்ந்து, வாய் பிளந்து, பின் நேராக இரும்புக் கண்ணில் மோதிக்கொண்டிருந்தது. சாக்பீஸால் பின்னின் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். ஆட்டியபோது கோடு இரண்டாக ஒடிந்து ஒடிந்து சேர்ந்தது.

இதற்குமேல் விளக்கம் வேண்டாமென்று வேறொருவர் விட்டிருப்பார். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லாமல் அவர் கழற்ற ஆரம்பிக்கவில்லை. பாரம் ஏறினால் ஏன் அடங்குகிறது? மூட்டைகளின் கனம் பின்னை ஒரே பக்கமாக இறுக்கி வைத்திருப்பதால், சிறு பள்ளங்களில் பட்டை விடுபட்டு மேலெழும்பும்போதும் அந்தப் பிடி நீங்குவதில்லை. வெறும் வண்டியில் அந்தப் பிடி நீங்கி, பின் எதிர்ப்பக்கம் போய் மோதித் திரும்புகிறது. ரிவர்ஸில் எடுக்கும்போது ஏன் ஒருமுறை? பட்டை வண்டியைத் தள்ளும் திசை மாறும் அந்தக் கணத்தில், தேய்ந்த இடைவெளியை ஷாக்கிள் ஒருமுறை கடக்கவேண்டியிருக்கிறது. வேகத்தில் ஏன் இல்லை? இருக்கிறது, காற்றும் டயரும் எஞ்சினும் எழுப்பும் இரைச்சலில் அமுங்கிவிடுகிறது என்றார். நான் சொன்ன ஒவ்வொரு 'எப்போது'க்கும் அந்த ஒரே ரப்பர் துண்டு விடை கொடுத்தது. ஒன்றுக்கு மட்டும் விடை கிடைக்காமலிருந்தால் தாம் இன்னும் தேடியிருக்க வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னதை நான் மறக்கமாட்டேன்.

இடதுபக்கத்து ரப்பர் மட்டும் ஏன் முதலில் போயிற்று என்பதற்கு அவர் சொன்ன காரணம் எங்கள் ஊர்ச் சாலைகளின் வரலாறாகவே இருந்தது. ஒரு வண்டி போகும் அகலமே தார் போட்டிருந்த அந்நாளைய சாலைகளில், எதிரே பஸ் வந்தாலும் கரும்பு டிராக்டர் வந்தாலும், இடது சக்கரங்களைத் தாரிலிருந்து மண்ணில் இறக்கி வழிவிட்டாக வேண்டும். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே மழை அரித்த ஒரு படி இருக்கும். இறங்கும்போது ஓர் அடி, ஏறும்போது ஓர் அடி. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகும் பருவத்தில் அந்த அடிகளுக்குக் கணக்கே இல்லை. வலது சக்கரமோ தாரிலேயே சொகுசாக வந்துகொண்டிருக்கும்.

கள்ளக்குறிச்சியில் புஷ்களும் பின்களும் கிடைத்தன. தேய்ந்தது ஒருபக்கமாயினும் இருபக்கத்தையும் மாற்றினார். ஒருபுறம் புதிய ரப்பரும் மறுபுறம் பழையதும் இருந்தால் வண்டி ஒருசாய்வாக நடக்கும் என்பது அவர் கருத்து. ரப்பரைச் செலுத்துவதற்குச் சோப்புத் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடவிடவில்லை; கிரீஸும் எண்ணெயும் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும். எல்லாவற்றையும் கோத்து, நட்டுகளைக் கையால் மட்டும் திருகி நிறுத்தி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் கனம் பட்டைகளில் முழுவதும் அமர்ந்த பிறகே கடைசி இறுக்கு இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே கிழியத் தொடங்கும். அம்பாஸடர் என்றில்லை, ரப்பர் புஷ் உள்ள எந்த வண்டிக்கும் இது பொருந்தும். இன்றும் அவசரக்காரர்கள் தவறவிடும் விதி இது. அவர் வாங்கிய கூலி, நாங்கள் முன்பு வீணாக மாற்றிய ஷாக் அப்சார்பர்களின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

யு போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிக்கொண்டே அவர் சொன்னார்: "ரப்பர் சத்தம் போட்டா பயப்பட வேணாம், மெதுவா ஓட்டிக்கிட்டு வரலாம். இந்த போல்ட் சத்தம் போட்டுச்சுன்னா வண்டிய எடுக்காதீங்க. செண்டர் போல்ட் ஒடஞ்சா ஆக்ஸிலே பட்டைமேல நகந்துடும்." ஆக்ஸில் ஒருபக்கம் நகர்ந்துவிட்டால் பின்சக்கரங்கள் ஒரு திசையும் முன்சக்கரங்கள் மற்றொரு திசையுமாக வண்டி கோணலாக ஓடும். சமவெளியில் அது சங்கடம். வெள்ளிமலைச் சாலையின் வளைவுகளில் உயிராபத்து.

அம்பாஸடரின் உற்பத்தி 2014-ல் நின்றது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. தியாகதுருகத்துக் கடைத்தெருவைத் தொடாமலே வாகனங்கள் விரைகின்றன. இன்றைய கார்களில் பெரும்பாலும் பின்னால் காயில் ஸ்பிரிங்தான். ஆனால் ரப்பர் புஷ் எங்கும் ஒழிந்துவிடவில்லை. கல்வராயன் மலைக்கு ஆட்களையும் சரக்கையும் ஏற்றிச்செல்லும் பொலிரோக்களிலும் டாடா ஏஸ் வண்டிகளிலும் பின்னால் இன்னமும் பட்டைக்கட்டேதான். நவீனப் பட்டறைகளில் கம்ப்யூட்டரைச் செருகி எஞ்சினின் குறையைப் படித்துவிடுகிறார்கள். அது மெச்சத்தக்க முன்னேற்றமே. தேய்ந்த ரப்பரைப் பற்றி அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு ஒரு மனிதர் வண்டியில் ஏறி உட்கார்ந்து கேட்கவேண்டும். உட்காரச் சொல்லி நாம் கேட்கவேண்டும்.

ஆகவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பின்பக்கத்தில் சப்தம் கேட்டால், பட்டறைக்குப் போகுமுன் ஒரு காகிதத்தில், வேகமா மெதுவா, பாரமா வெறுமையா, ஒரு சக்கரத்திலா இரண்டிலா, புறப்படும்போதா நிற்கும்போதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கை உடன் அழைத்துச் சென்று அந்தச் சப்தத்தைக் கேட்கச் செய்யாமல் எந்தச் சாமானையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். பட்டைக்கட்டு வண்டியில் மலையேறுபவர்கள் கச்சிராயபாளையத்திலேயே நிறுத்தி யு போல்ட்டுகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். வளைவுகள் தொடங்கிவிட்டால் வண்டியை ஓரங்கட்டிக் கீழே குனிந்து பார்ப்பதற்கு இடம் கிடைப்பது அரிது.